துபாஷிக்குத் தெரிந்த ஒரே அந்தி

என் சமையலறையில் ஒரு மின்சார அடுப்பு இருக்கிறது. கேக் சுடுகிற அடுப்பு. அக்கா மகன் வாங்கிக் கொடுத்தான். தனியாக இருக்கிற கிழவிக்குக் கேக் எதற்கடா என்று கேட்டால் சிரிக்கிறான். இதுவரை அதில் ஒரு அப்பளம்கூடச் சுட்டதில்லை. அதன் நெற்றியில் பச்சை எழுத்தில் மணி தெரியும், அதற்காக மட்டும் வைத்திருக்கிறேன். கரண்டு போய் வந்தால் அதற்கு மணி மறந்துவிடும். நான்கு பூச்சியத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். நீ போன அன்று அந்தி நேரத்தில் இங்கே கரண்டு போனது. கரண்டு வந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அன்றிலிருந்து அடுப்பு சிமிட்டிக்கொண்டிருக்கிறது. நான் மணியைத் திருத்தவில்லை.

பூச்சியத்தைக் காட்டுகிறதே, அந்த மட்டில் யோக்கியமான அடுப்பு என்று நீ சொல்லியிருப்பாய். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறது. நாம் வேலை பார்த்த காலத்துத் தோப்பும்படிக் கம்ப்யூட்டர் மிஷினுக்கு அந்த யோக்கியதை இருந்ததா?

எடீ, உனக்கு ஒரு சமாச்சாரம் சொல்ல வேண்டும். நீ எந்தக் கிழமை கண்ணை மூடினாய் என்று உன் வீட்டில் சண்டை. உன் அண்ணன் வெள்ளி என்கிறார். உன் மகள் வியாழன் என்கிறாள். மாமாவும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடைசியில் தீர்ப்புக் கேட்டு உன் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லை போலிருக்கிறது. சிரிக்காதே. எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

தமிழில்தான் எழுதுகிறேன். நீ தமிழைத் தட்டித் தடவித்தான் படிப்பாய், மலையாளமென்றால் குதிரை ஓட்டம். பேசுவதெல்லாம் தமிழ், படிப்பதெல்லாம் மலையாளம் என்று உன்னை எத்தனை கேலி செய்திருக்கிறேன். இனி உனக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதானே. மெதுவாகப் படி.

நாம் வேலைக்குச் சேர்ந்த அந்த மட்டாஞ்சேரி மாடி நினைவிருக்கிறதா? எண்பதுகளின் நடுவில், கல்லூரி முடித்த கையோடு. கீழே சுக்கு மூட்டை அடுக்கிய பாண்டிகசாலை, மேலே கம்ப்யூட்டர். மூட்டையைத் தொம்மென்று போடும்போதெல்லாம் சுக்குத் தூசி மரப்படி ஏறி மேலே வந்து பிளாப்பி செருகுகிற வாய்க்குள் உட்கார்ந்துகொள்ளும். கீழே இறங்கிப் போய் நீ மூட்டை இறக்குகிற சுமட்டுக்காரச் சேட்டன்மாரிடம், "கொஞ்சம் பைய எறக்கக் கூடாதா, எங்க மிஷினுக்குத் தும்மல் வருது" என்று சொல்வாய். அவர்கள் ஒரு நாள் பைய இறக்குவார்கள். மறுநாள் மறுபடியும் தொம்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மிளகுக் கம்பெனிக்குக் கணக்கு எழுத வந்த அப்பாவுக்குப் பிறந்தவள் நான். பஜாரில் கயிற்றுக் கடை வைத்திருந்த ராவுத்தரின் மகள் நீ. ஒரே தெரு, ஒரே பள்ளி, எர்ணாகுளத்துக்குப் போக ஒரே படகு. கடைசியில் அந்த மாடியில் ஒரே மேஜை. மதியம் என் சோற்று டப்பாவில் பாதி உனக்கு, உன் அரிசி ரொட்டிப் பத்திரியில் பாதி எனக்கு. அதைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசி முடிவு செய்ததில்லை.

மூன்று இடத்துக்கு நாம் வேலை செய்து கொடுத்தோம். நம் மாடி, வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸ், தோப்பும்படியில் ஒரு செம்மீன், அதாவது இறால், ஏற்றுமதிக் கம்பெனி. மூன்று இடத்திலும் மூன்று ஜாதி மிஷின். ஒன்றுக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாது. இப்படியே போனால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று நான் கத்தினேன். நீ கத்தவில்லை. நமக்கென்று சின்னதாக ஒரு மொழி உண்டாக்குவோம் என்றாய். அந்த மொழியில் எழுதியதை வரிவரியாகப் படித்து, தான் உட்கார்ந்திருக்கிற மிஷினுக்குப் புரிகிற மாதிரி சொல்லி வேலை வாங்க ஓர் இடையாள். புத்தகத்தில் அதற்கு இன்டர்பிரெட்டர் என்று பேர். நீ வைத்த பேர் துபாஷி. அந்தக் காலத்தில் நம் துறைமுகத்தில் கப்பல்காரனுக்கும் மிளகு வியாபாரிக்கும் நடுவில் நின்று இரண்டு பாஷையும் பேசிப் பிழைத்தானே, அவன். மிஷினுக்கு ஒரு துபாஷியாக மூன்று பேர். நாம் எழுதுவது ஒரே தடவை.

கணக்கு ஒழுங்காக வந்தது. பில் ஒழுங்காக வந்தது. தேதி வந்தபோதுதான் மூக்கால் அழுதோம்.

தேதியை என் தலையில் கட்டினாய். கேட்கிறவர் என்ன வடிவத்தில் கேட்கிறாரோ அந்த வடிவத்தில் கொடுக்க வேண்டும். கிழமைக்கு ஓர் எழுத்து, மாதத்தின் பேருக்கு ஓர் எழுத்து, வருஷத்துக்கு ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டோம். எழுத்துகளை எந்த வரிசையில் கொடுத்தாலும் அந்த வரிசையில் தேதி வந்து விழ வேண்டும். நான் சோம்பேறித்தனமாக அந்த வேலையை அந்தந்த மிஷினிடமே விட்டுப் பார்த்தேன். நம் மாடி மிஷின் மாதத்தை முன்னால் வைத்தது. தீவு மிஷின் லண்டன் கடிகாரத்தில் பேசியது. தோப்பும்படி மிஷினுக்குக் கிழமை எழுத்து புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லித் தொலைக்கலாமே, மாட்டாது. வாயை மூடிக்கொண்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடும்.

நீ என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாய்: "மிஷின்கிட்ட எண்ணை மட்டும் வாங்கிக்க புள்ளே. உடுப்பு நாம போடலாம். அதுங்க தைக்கிற சட்டை ஊருக்கு ஊரு வேற அளவு."

அதுதான் வழி. துபாஷிக்கு உள்ளே காலம் என்பது ஒரே ஓர் எண். தீவு மிஷின் எண்ணுகிற மாதிரியே, எழுபதாம் வருஷம் லண்டனில் பிறந்த நொடியைப் பூச்சியமாக வைத்து, அதிலிருந்து ஓடிப்போன நொடிகள். அன்றைக்கு அது ஒன்பது இலக்கம். வியாழன், தை, சாயங்காலம் என்பதெல்லாம் அந்த எண்ணுக்கு நாம் கடைசியில் போட்டுவிடுகிற உடுப்பு.

"பூச்சியம் அடிக்கும்போது நமக்கு ஏழு வயசு. அப்ப நீ என்னா செஞ்சிட்டிருந்தே?" என்று கேட்டாய்.

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு என்ன செய்வாங்க? குறட்டை விட்டிருப்பேன்."

"லண்டனிலதான் பன்னெண்டு. இங்கெ விடியக்காலம் அஞ்சரை. எங்க அத்தா சுபுஹு தொழப் போயிருப்பாரு. உங்கம்மா வாசல் தெளிச்சிட்டிருப்பாங்க. நல்ல நேரமாப் பாத்துத்தான் தொடங்கியிருக்கான்."

உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் எண்ணத் தொடங்கிய நொடியை நம் தெருவுக்குள் கொண்டுவந்து, அம்மா கையில் செம்பையும் கொடுத்துவிட்டாய். இன்றைக்கும் அந்தப் பூச்சியத்தை நினைத்தால் எனக்கு ஈர வாசல்தான் தெரிகிறது.

பிறகு செம்மீன் வந்தது.

தோப்பும்படி மிஷினுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. காலையில் எழுப்பினால் தேதி என்ன என்று கேட்கும். பதில் சொல்லாமல் என்டரை அமுக்கினால், எண்பதாம் வருஷம் ஜனவரி ஒன்று, செவ்வாய்க்கிழமை என்று தானாக வைத்துக்கொள்ளும். கேட்கவும் செய்யும், பதில் வராவிட்டால் கூச்சமில்லாமல் ஒரு பொய்யும் சொல்லும். ஒரு நாள் மத்தியானம் அங்கே கரண்டு போய் வந்தது. ஐஸ் போட்ட பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன, லேபிள் அடித்து ஒட்ட வேண்டும். ஆபரேட்டர் சேட்டன் அமுக்கினார் என்டரை. அந்த மத்தியானம் அடைத்த செம்மீனெல்லாம் எண்பதாம் வருஷப் புத்தாண்டுச் செம்மீனாக ஆகிவிட்டது.

நாம் பஸ் பிடித்து ஓடினோம். ஆபரேட்டர் சேட்டன் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார். "கரண்டு போயி, பின்னெ வந்நு. அது எந்தோ சோதிச்சு. ஞான் என்டர் அமர்த்தி," என்றார். என்னவோ கேட்டதாம், இவர் என்டரை அமுக்கினாராம். பாவம், அவர் மேல் என்ன தப்பு? நாள் முழுக்க அது கேட்கிறதற்கெல்லாம் அதே பதில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். லேபிள் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த ஐஸ் அறையில் நாமும் அவர்களோடு உட்கார்ந்து விரல் மரத்துப்போகிற வரைக்கும் உரித்தோம்.

மறுநாள் நீ துபாஷியில் ஒரு விதி வைத்தாய். யாரும் தேதி சொல்லவில்லையென்றால் தேதியின் இடத்தில் கேள்விக்குறிகளை அடி. புரியாத எழுத்து வந்தால் முழுங்காதே, அந்த எழுத்தையே அப்படியே திருப்பி அடி. நம் மாடி முதலாளிக்கு வந்ததே கோபம். பில்லில் கேள்விக்குறியா? வாடிக்கையாளர் காறித் துப்ப மாட்டானா?

"ஏதாவது ஒரு டேட்டை அடிச்சு விடு மோளே," என்றார்.

"ஏதாவது ஒரு தேதிங்கிறது தேதியில்ல ஸார். பொய்."

"அப்போ நான் சொல்றது கேக்க மாட்டே?"

"நான் கேக்க மாட்டேன். நாளையிலிருந்து வேற யாராவது வந்து கேப்பாங்க."

 உன் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த வேலை ஒன்றுதான் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது. அதை நீ பணயமாக மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாய், குரல்கூட உயரவில்லை. முதலாளி பிரின்டரைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், சாயா குடிக்கப் போய்விட்டார். அதுதான் அவர் சம்மதம். இரண்டு வாரம் கழித்து அடுத்த கரண்டு வெட்டு வந்தபோது தோப்பும்படியில் லேபிளெல்லாம் கேள்விக்குறியோடு வந்ததாம். மானேஜர் உடனே நிறுத்தி, தேதியைக் கொடுக்கச் சொன்னாராம். ஒரு பெட்டிகூட வீணாகவில்லை.

இப்போது அந்தத் தொழுகை நேர அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில்தான் உன் அண்ணன் வந்து நிற்கிறார்.

வியாழக்கிழமையானால் நீ பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவாய். "இன்னைக்கு வெள்ளி ராவு, வீட்டுல ஓதுவாங்க." அந்தியோடு உங்கள் வீட்டில் அடுத்த நாள் பிறந்துவிடும். வியாழன் சாயங்காலம் பாங்கு சொன்னால் அது வெள்ளி. சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம்தான், ஆனாலும் நான் உன்னை வம்புக்கு இழுப்பேன். "வியாழக்கிழமையைப் பிடிச்சு வெள்ளிங்கிறியே, உனக்குத் தேதி வேலை கொடுக்காதது நல்லதாப் போச்சு."

"உங்க வீட்டுல மட்டும் என்னவாம்? விடியக்காலம் மூணு மணிக்குப் பொறந்த புள்ளைக்கு முந்தின நாள் கிழமைதான்னு உங்கம்மா சொல்லலியா? சூரியன் வந்தாத்தானே உங்களுக்கு நாளு?"

"மிஷினுக்குப் பாதி ராத்திரியில."

"பாதி ராத்திரியில நாளை மாத்துறது யாரு புள்ளே? களவாணியா?"

அந்தச் சண்டைதான் துபாஷிக்குள் ஓர் எழுத்தாகப் போய்ச் சேர்ந்தது. அந்த எழுத்தைச் சேர்த்துக் கேட்டால், நாள் அந்தியில் தொடங்குகிறதா, உதயத்தில் தொடங்குகிறதா, பாதி ராத்திரியிலா என்று பார்த்துக் கிழமை சொல்லும். முதலாளிக்குத் தெரியாது. எந்தக் கம்பெனியும் கேட்டதில்லை. நமக்காக மட்டும் செய்தோம். அந்தி நேரத்துக்கு எங்கே போவது? உன் அத்தா கயிற்றுக் கடையில் தொங்கவிட்டிருந்த தொழுகை நேர அட்டையைக் கழற்றிக் கொண்டுவந்தாய். வருஷம் முழுவதற்கும் மக்ரிபு என்கிற அந்தித் தொழுகையின் நேரம் அதில் இருந்தது. சூரிய உதயமும் இருந்தது, எங்கள் வீட்டுக்கும் ஆயிற்று. சாப்பாட்டு வேளைகளில் நீ வாசிக்க நான் அடித்தேன். அட்டையில் என் குழம்புக் கறை பட்டிருந்தும் உன் அத்தா அதை வாங்கித் திரும்ப மாட்டிக்கொண்டார்.

நான் கேட்டேன்: "எடீ, இது மட்டாஞ்சேரி அந்தி. எர்ணாகுளத்துக்கு?"

"காயலுக்கு அந்தப் பக்கம்தானே, அதே சூரியன்தான்."

"பம்பாய்க்கு?"

"பம்பாயில எவன் நம்ம துபாஷிகிட்ட வந்து நாளு கேக்கப் போறான்? வேணும்போது சேத்துக்கலாம்."

சேர்க்கவில்லை. வேண்டி வரவில்லை.

இன்னும் ஒரு விதி இருந்தது, அதற்குத்தான் நான் உன்னோடு மல்லுக்கு நின்றேன். ஒருவர் நேரத்தைக் கேட்கிறார், ஆனால் எந்த வடிவத்தில் வேண்டும் என்று ஓர் எழுத்தும் சொல்லவில்லை. என்ன கொடுப்பது? நல்லதாக ஒரு தேதியாகக் கொடுப்போம் என்றேன். நீ எண்ணையே கொடுக்கலாம் என்றாய், உடுப்பு இல்லாமல், ஒன்பது இலக்கமும் அப்படியே. யாருக்கடீ புரியும் என்று கேட்டேன்.

"புரியணும்னு இல்ல. எப்பிடிக் கேக்கிறதுன்னு தெரியாதவங்களுக்கும் ஒரு பதிலு இருக்கட்டும். பொய்யில்லாத பதிலு."

அப்போது எனக்கு அது வீம்பாகப் பட்டது.

எண்பத்தெட்டில் உனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை. அன்றைக்கு விமானம் வெலிங்டன் தீவிலிருந்துதான் கிளம்பும், பம்பாய் போய் மாற வேண்டும். உன் வீட்டார் எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. ஷார்ஜா நேரத்துக்கு ஒன்றரை மணியைக் கழித்துக்கொள் என்று உனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன், கணக்கில் முதல் வகுப்பு வாங்கியவளுக்கு! நீ என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாய். மறுநாள் மதியம் டப்பாவைத் திறந்தேன். வழக்கம்போல இரண்டு பேர் சோறு. அம்மா எப்போதும் அப்படித்தான் கட்டிக்கொடுப்பாள். அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு மாசம் ஆயிற்று.

துபாஷியை நான் தனியாகப் பார்த்துக்கொண்டேன். நாலாவதாக ஒரு மிஷின் வந்தது, அதற்கும் ஒரு துபாஷி எழுதினேன். பிறகு எங்கே பார்த்தாலும் ஒரே ஜாதி மிஷின் ஆகிவிட்டது. துபாஷிக்கு வேலை போயிற்று. முதலாளி கடையை மூடினார். நான் வேறு வேலைக்குப் போனேன், ஓய்வும் பெற்றேன். அப்பா, அம்மா, அக்கா, ஒவ்வொருவராகப் போனார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். வீட்டில் நான் பேசினால் பதில் வருவதில்லை. அது இத்தனை வருஷத்திலும் எனக்குப் பழகவில்லை.

நீ போன் செய்வாய். முதலில் மாசத்துக்கு ஒரு கடிதம், பிறகு பெருநாளுக்குப் பெருநாள், கடைசிப் பத்து வருஷம் நினைத்தபோதெல்லாம். எப்போது கூப்பிட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "அங்கெ மக்ரிபு ஆச்சா புள்ளே?" பகல் பதினோரு மணிக்குக் கூப்பிட்டாலும் அதே கேள்விதான். "உனக்குக் கணக்கு மறந்து போச்சாடீ? ஒன்றரை மணியைக் கூட்டிப் பார்த்துக்கோ," என்று எரிந்து விழுவேன். நீ சிரிப்பாய். உடம்பு சரியில்லை என்பதை மட்டும் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. முழுங்காதே, அப்படியே திருப்பி அடி என்று விதி போட்டவள் நீ. எனக்கு அதில் இன்னும் கோபம் இருக்கிறது. இருக்கட்டும்.

நீ போனது தை மாசம், ஒரு வியாழக்கிழமை. அங்கே ஷார்ஜாவில் ஐந்தேகால், வெயில் இருந்தது. இங்கே ஆறே முக்கால், மக்ரிபு முடிந்து உன் அண்ணன் பள்ளிவாசல் படி இறங்குகிறார், போன் வருகிறது. வெள்ளி ராவில் மௌத்தானால், உயிர் போனால், கபுறுக் குழிக்குள் வேதனை இல்லை என்பது நம் தெருவில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். "என் தங்கச்சி வெள்ளி ராவுல போயிட்டா, பாக்கியம் செஞ்சவ," என்று அவர் அந்தப் படியிலேயே நின்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஒரே தங்கை, தொலைதூரத்தில் போய்விட்டாள், முகம் பார்க்கவில்லை, மண் போடவில்லை. அவர் கையில் கிடைத்தது அந்த ஒன்றுதான்.

அதைத்தான் உன் மகள் போனில் பிடுங்கிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவள் என்னையும் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, ஜன்னல்ல வெயில் இருந்திச்சு. அம்மா மொகத்துல பட்டுட்டே இருந்திச்சு. கண்ணு கூசுமேன்னு நான் எந்திரிச்சுத் திரையை இழுக்கப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. மாமா வெள்ளி ராவுங்கிறாரு. அப்ப நான் பாத்த வெயிலு பொய்யா?" 

நாற்பதாம் நாள் ஓதி முடித்த பிறகு உன் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றவே அவருக்கு நேரம் பிடித்தது. முட்டி வலி. சாயா கொடுத்தேன், குடிக்கவில்லை.

"பள்ளிவாசல் உஸ்தாதுகிட்ட கேட்டேன் தங்கச்சி. மௌத்தான ஊரு சூரியன்தான் கணக்குன்னு சொல்லிட்டாரு. அப்ப வியாழன்தான். சரி, மார்க்கம் அது." சிமிட்டுகிற அடுப்பைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும்தானே அந்தக் காலத்துல மிஷினுக்கு நாளு படிச்சுக் கொடுத்தீங்க. அத்தா கடை அட்டையைக்கூட எடுத்திட்டுப் போனீங்களே. நீ சொல்லு. அவ எப்பப் போனா?"

எடீ, எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது தெரியுமா? பொறாமை. இவர்களுக்கு அடித்துக்கொள்ள ஒரு நாளாவது இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு தடவை ஓதுவார்கள், சோறு போடுவார்கள். எங்கள் பக்கத்தில் அம்மாவுக்கு, அப்பாவுக்குத் திதி உண்டு. சிநேகிதிக்குத் திதி கொடுக்க எந்த ஐயர் வருவார்? உனக்கு நான் யார் என்று ஒரு காகிதத்திலும் எழுதவில்லை.

ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஏதாவது ஒரு தேதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஏதாவது ஒரு தேதிங்கிறது தேதியில்ல ஸார், பொய்." நீ என் பின்னால் நின்றுகொண்டிருந்தாய்.

அதனால் துபாஷி என்ன சொல்லும் என்று மட்டும் கணக்குப் போட்டேன். கையால்தான், ஒரு பழைய உறையின் முதுகில். அந்த நொடியின் எண்ணை எடுத்துக்கொண்டேன். அந்தியில் நாள் தொடங்கட்டும் என்ற நம் எழுத்தைச் சேர்த்தேன். தை மாசத்து மக்ரிபு நேரம் அட்டையில் என்ன இருந்ததோ அதை வைத்தேன், எத்தனை தடவை அடித்தது, மறக்குமா? கிழமை வந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன்.

"இக்கா, உஸ்தாது சொன்னது மார்க்கம். அதுல நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா அவ எழுதின துபாஷிகிட்ட கேட்டா வெள்ளின்னுதான் சொல்லும்."

"எப்பிடி?"

"அதுக்கு இந்த ஊரு அந்தி மட்டும்தான் தெரியும். வேற ஊரு சூரியனை அவ அதுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்ல. ஷார்ஜாவுல இருந்துக்கிட்டு ஒரு போன்ல சொல்லியிருந்தா நான் சேத்திருப்பேன். கேக்கவே இல்ல. எப்பக் கூப்பிட்டாலும் அங்கெ மக்ரிபு ஆச்சான்னுதான் கேப்பா."

அவர் எழுந்திருக்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி விம்மினார். அப்புறம் ஆறிப்போன சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "எங்கிட்டயும் அதான் கேப்பா," என்றார்.

உன் மகளை நானே கூப்பிட்டேன். "உனக்கு வியாழன்தான் மோளே. நீ பாத்த வெயிலு நெசம். அதை யாருக்காகவும் மாத்தாதே. மாமாவுக்கு வெள்ளி. ரெண்டும் ஒரே நொடிதான், உங்கம்மாவே அப்பிடித்தான் எழுதி வெச்சிருக்கா." அவள் நம்பினாளா தெரியாது. போன வாரம் மாமாவைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள், அவரே தெருவில் நிறுத்திச் சொன்னார்.

ஆக, உன் அண்ணன் கேட்டார், அவருக்கு ஒரு நாள் கிடைத்தது. உன் மகள் கேட்டாள், அவளுக்கும் கிடைத்தது. எனக்கு எந்த நாள் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எந்த எழுத்தைச் சொல்வது என்று எனக்கும் தெரியாது. அந்த உறையின் முதுகில் அவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்தது அந்த எண் மட்டும்தான். கேட்கத் தெரியாதவர்களுக்கும் ஒரு பதில் இருக்கட்டும் என்று எனக்காகத்தான் வாதாடினாயா? அன்று நான் உன்னோடு மல்லுக்கு நின்றேனே.

உறை எங்கோ போய்விட்டது. எண் போகவில்லை. அடுப்பு சிமிட்டிக்கொண்டிருக்கும்போது எதிரே நின்று அதை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். நம் காலத்தில் ஒன்பது இலக்கமாக இருந்தது, இப்போது பத்து. உன் போன் நம்பரும் பத்துதான். எண்ணைச் சொல்லி முடித்த பிறகும் காதில் எதையோ வைத்திருக்கிறவள் மாதிரி கொஞ்ச நேரம் நிற்கிறேன், நீ எடுத்து, அங்கே மக்ரிபு ஆச்சா என்று கேட்பாய் என்று.

ஆச்சுடீ. இங்கே ஆச்சு.